அத்லான் எக்ஸ்பி போர்டுக்கு எந்த எஸ்எம்பிஎஸ் போடலாம்?

வணக்கம் நண்பர்களே. பழைய அத்லான் எக்ஸ்பி (ஏஎம்டி பிராசசர்) கம்ப்யூட்டரில் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை பெட்டி, போய்விட்டது. போர்டில் 20 பின் சாக்கெட் மட்டும்தான். 12 வோல்ட்டுக்கான தனி 4 பின் கிடையாது. அதாவது பிராசசரே 5 வோல்ட் லைனில்தான் ஓடுகிறது.

கடைக்காரர் 20+4 பின் புதுசைக் காட்டி, "அந்த 4 பின்னைப் பிரிச்சுட்டு மாட்டுங்க சார்" என்கிறார். மாட்டலாம், சரி. ஆனால் பழைய லேபிளில் 5 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர், புதியதில் வெறும் 15. மிச்ச பவரெல்லாம் 12 வோல்ட்டில். 450 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டு என்ன பிரயோஜனம்? மைனஸ் 5 வோல்ட்டுக்கான வெள்ளை ஒயர் இல்லாதது பரவாயில்லை, அதைக் கேட்கிற பழைய வகை ஐஎஸ்ஏ கார்டு எதுவும் இல்லை.

5 வோல்ட்டில் 25 ஆம்பியராவது தருகிற மாடல் இப்போதும் கிடைக்கிறதா? வைத்திருப்பவர்கள் லேபிள் போட்டோ போடுங்க. சென்னை ரிச்சி தெருவில் பழையது கிடைத்தாலும் ஓகே, கெப்பாசிட்டர் உப்பாமல் இருந்தால் போதும்.