புதுப்பிப்பு: 911 கைக்கு வந்துவிட்டது, ஆலையிலிருந்தே!

போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரை உள்ளூர் டீலரிடம் எடுப்பதா, ஜெர்மனிக்கே போய் எடுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் "ஆலைக்கே போங்க" என்றீர்கள். போனேன். அத்தனை பேருக்கும் நன்றி!

ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசன் ஆலையை முதலில் சுற்றிக் காட்டினார்கள். எஞ்சின் கட்டும் இடத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை. பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்களும் படுத்த நிலையில். எஞ்சினின் எடை தரைக்குப் பக்கத்தில் தாழ்வாக அமைவது அதனால்தான். படித்துத் தெரிந்த விஷயம்தான், நேரில் பார்த்தபோது சிலிர்த்துவிட்டது.

எதிரிலேயே 2009-இல் திறந்த அருங்காட்சியகம். அதற்குத் தனியாக நேரம் வையுங்கள்.

ஜெர்மனிக்கு வெளியே ஓட்டிப்போக ஏற்றுமதி நம்பர் பிளேட் வேண்டும். வலது ஓரச் சிவப்புப் பட்டையில் காலாவதி தேதி இருக்கும். பயணத்தை அதற்குள் முடிக்கிற மாதிரி திட்டமிடுங்கள்.

அப்புறம், ஆட்டோபானில் (ஜெர்மனியின் விரைவுச்சாலை) விரட்டவில்லை. பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஸ்டாட் வரை பி500 மலைச்சாலை, சுமார் 60 கி.மீ. புது எஞ்சினை ஆரம்பத்திலேயே முறுக்கக் கூடாது. நிதானமாக ஓட்டிப் பழக இதைவிட நல்ல சாலை எனக்குத் தெரியாது. இருபுறமும் கறுங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்), ஜன்னலை இறக்கிவிட்டால் பின்னாலிருந்து அந்த எஞ்சின் சத்தம். தயங்குகிறவர்கள் கட்டாயம் போய் எடுங்கள்.