கொரோலா 110: புதுப் பெற்றோல் பம்பும் திரும்பத் திரும்பப் போகுது

வெள்ளவத்தை110:
98ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110 கார், பெற்றோல் எஞ்சின். டாங்கிக்குள் இருக்கிற பம்பைப் புதுசாப் போட்டாலும் சில மாதத்தில் மக்கர் பண்ணுது. கொழும்பு காலி வீதி நெரிசலில் சூடாகி நின்றால் ஸ்டார்ட் வராது, ஆறினால் வரும். கராஜில் இன்னொரு பம்ப் போடச் சொல்றாங்க. முதலில் எதைப் பார்க்கலாம்?

மீட்டர்காரன்:
பம்ப் வாங்க முதல் வயரைப் பாருங்கோ தம்பி. எஞ்சின் ஓடேக்க பம்ப் கனெக்டரின் பின்பக்கத்தால மீட்டர் முனையை விட்டு வோல்ட் எடுங்கோ. பட்டறியில 13.8 எண்டால் பம்பில 13க்குக் கிட்ட வரவேணும். 1 வோல்ட்டுக்கு மேல குறைஞ்சால் கனெக்டர், றிலே, பியூஸ் பெட்டி எண்டு பின்னுக்குத் தேடிக்கொண்டு போங்கோ. கனெக்டர் பழுப்பாகி உருகியிருந்தால் சூடு பிறக்கிற இடம் அதுதான். பம்பின் எர்த் வயருக்கும் பட்டறி மைனஸுக்கும் இடையில 0.2க்கு மேல வரக்கூடாது. வோல்ட் விழுந்தால் பம்ப் மெதுவாச் சுத்தி அழுத்தம் இறங்கும், நல்ல பம்பும் செத்தது மாதிரித்தான் காட்டும். கழட்டின பம்பை எறிஞ்சிடாதேங்கோ.

வோல்ட் சரியெண்டால் பம்ப் இழுக்கிற அம்பியரை அளவுங்கோ. இந்த வகைப் பம்ப் 4-6 இழுக்கும். 8ஐத் தாண்டினால் பில்டர் அடைப்பு, இல்லாட்டி பம்ப் இறுகுது.

பழைய டாங்கி:
பம்பின் அடியில் இருக்கிற வலையையும் பாருங்க. செம்மண் நிறத்தில் தூள் படிஞ்சிருந்தால் டாங்கிக்குள் துரு. டாங்கியைக் கழுவாமல் பம்பை மட்டும் மாத்தினால் புதுசுக்கும் அதே கதிதான். வலை, வெளிப் பில்டர் இரண்டும் புதுசு போடுங்க. டாங்கிக்குள் ஓடும் சின்ன ஹோஸில் 30ஆர்10 என்று அச்சிட்டிருக்க வேணும், பெற்றோலுக்குள் மூழ்கிக் கிடக்கிற ஹோஸுக்கான தரக் குறி அது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சாதாரண 30ஆர்7ஐ வெட்டித் தந்தால் வாங்காதீங்க. அது வெளிப்பக்கத்துக்கு உள்ளது. பெற்றோலில் ஊறி வீங்கி வெடிச்சால் அழுத்தம் முழுக்க டாங்கிக்குள்ளேயே போயிடும். கால் டாங்கிக்குக் கீழே இறக்கி ஓட்டவும் வேண்டாம், பம்பைக் குளிர வைக்கிறதே பெற்றோல்தான்.

பம்ப் மூடியைத் திறக்க முதல் பட்டறி மைனஸைக் கழட்டிடுங்க.

வெள்ளவத்தை110:
வலை சுத்தம். எர்த் 0.9 காட்டுது, அண்ணா.

மீட்டர்காரன்:
பிடிபட்டிட்டுது. எர்த் போல்ட்டைக் கழட்டி, பெயின்ட் போய் இரும்பு மினுங்கும் வரை உரஞ்சுங்கோ. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில புது ரிங் முனை அழுத்தி இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கோ. திரும்ப அளந்து 0.2க்குக் கீழ வந்தால், இப்ப இருக்கிற பம்போடயே ஓடிப் பாருங்கோ.