முப்பந்தல் காத்துல புது ஸ்போர்ட் டூரர்: என் மொத ஓட்டம்

மக்களே வணக்கம். புது வண்டி எடுத்தவங்க மொத ஓட்டத்தப் பத்தி எழுதுங்கன்னு கேட்டிருந்தீங்கல்லா, நான் வண்டி எடுத்து பன்னெண்டு நாளுதான் ஆவுது, 410 கிலோமீட்டர் ஓடியிருக்கு, அதுல போன ஞாயித்துக்கெழம பாளையங்கோட்டைல இருந்து முப்பந்தல் போயிட்டு வந்தத மட்டும் எழுதுதேன். வண்டி ஸ்போர்ட் டூரர் வகை பைக்கு, அதாவது வேகமாவும் ரொம்ப தூரமும் போறதுக்குன்னு செஞ்சது, பேரு போடல. பேரப் போட்டா அந்தக் கம்பெனி நல்லதா இந்தக் கம்பெனி நல்லதான்னு பேச்சு பூரா அங்கயே போயிரும், எனக்குச் சொல்ல வேண்டியது வேற. 400 சிசிக்குள்ள ஒத்த சிலிண்டர், லிக்விட் கூலிங், ஆறு கியர், முன்னால ஃபேரிங் (வண்டிய மூடுற கவசம்), நெஞ்சு உயரத்துக்கு காத்தத் தடுக்க விண்ட்ஸ்கிரீன், எடை 200 கிலோவுக்குப் பக்கம். இது போதும்.

இதுக்கு முன்ன 11 வருசமா ஒரு 100 சிசி வண்டிதான். நல்ல வண்டி, இன்னும் வீட்டுல நிக்கி, அய்யா கடைக்குப் போவ எடுப்பாவ. ஆனா 70ஐ தொட்டா கத்த ஆரம்பிச்சிரும், கண்ணாடில பின்னால வாற லாரி ரெண்டா தெரியும், உள்ளங்கை மரத்துப் போவும், அப்பமே நமக்கே தெரிஞ்சிரும் போதும் பைய போலேன்னு. இந்த விசயத்த ஞாபகத்துல வச்சிக்கிடுங்க, பின்னால வரும்.

காலைல ஆறு மணிக்கு டயர்ல காத்து பாத்துட்டு கெளம்புனேன். டவுன விட்டு வெளிய வாற வரைக்கும் எனக்கு வண்டி அவ்வளவு பிடிக்கல, உண்மையச் சொல்லுதேன். ஹேண்டில் கொஞ்சம் முன்னாடி தாழ்ந்து இருக்கதால உடம்பு பாரம் பூரா மணிக்கட்டுல எறங்குது, சிக்னல்ல நின்னா எஞ்சின் சூடு முழங்காலுக்கு வருது, முடுக்குல திருப்புனா எடை தெரியுது. ஆனா நாலு வழிச் சாலைல ஏறி 60ஐத் தாண்டுனதும் நெஞ்சுல அடிக்க காத்தே நம்ம உடம்ப லேசாத் தூக்கிப் பிடிச்சிருது, மணிக்கட்டு வலி போயிட்டு. அப்பந்தான் இந்த மாதிரி வண்டிய ஏன் இப்படி உக்கார வச்சிருக்கானுவன்னு புரிஞ்சுது, இது நிக்கிறதுக்குச் செஞ்ச வண்டி இல்ல, போய்க்கிட்டே இருக்கதுக்குச் செஞ்சது. முழங்கால வச்சு டேங்க்க கவ்விக்கிட்டு கைய லேசா விட்டா ஒரு மணி நேரம் ஒண்ணும் செய்யாது.

இனிமதான் விசயம். மூன்றடைப்பு தாண்டி நாங்குநேரிக்கு முன்னால, ரோடு காலி, நல்ல வெயில் வராத நேரம், ஒரு 70 போவேன்னு நெனச்சிக்கிட்டு போறேன், ஏன்னா பழைய வண்டில 70ல மூஞ்சில அடிக்க காத்த விட கம்மியாதான் அடிக்கி, சத்தமும் இல்ல, நடுக்கமும் இல்ல. குனிஞ்சு மீட்டரப் பாக்கேன், 96. நான் முறுக்கவே இல்ல மக்களே. புது எஞ்சின்னு மேனுவல்ல போட்டிருந்த ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் நிமிசத்துக்குச் சுத்துற கணக்கு) உள்ளதான் வச்சிருந்தேன், ஆறாவது கியர்ல அதுக்கே அவ்வளவு வேகம் வந்திருக்கு. டூவீலருக்கு நாலு வழிச் சாலைல மத்திய அரசு 2018ல வச்ச உச்ச வேகம் 80தான். குறைக்கணும்னு ஆக்சிலேட்டர விடுதேன், ஓரமா நின்ன லாரிக்கு முன்னால இருந்து ஒரு தாத்தா மொபெட்டுல வாழையிலைக் கட்டோட எதிர்த்தாப்ல வெளிய வாறாவ.

அவுகளக் குத்தஞ் சொல்ல மாட்டேன், டிவைடர் வெட்டு எங்கயோ கெடக்கு, வயலுக்குப் போற ஆளு அம்புட்டு தூரம் சுத்திட்டா வருவாவ. ரெண்டு பிரேக்கையும் சேத்து அமுக்கிட்டேன். பழைய வண்டியா இருந்தா பின் சக்கரம் பூட்டி வால ஆட்டியிருக்கும், இதுல லீவர் விரலுக்கடியில டக்டக்டக்குன்னு துடிச்சுது, வண்டி நூலுப் பிடிச்ச மாதிரி நேரா போயி நின்னுச்சு. ஏபிஎஸ்னு பேருதான் கேட்டிருக்கேன், சக்கரம் பூட்டப் போறது தெரிஞ்சதும் பிரேக்க விட்டு விட்டுப் பிடிக்கும்னு படிச்சும் இருக்கேன், அன்னைக்கித்தான் விரல்ல பட்டுது. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல விக்கிற எல்லா வண்டிலயும் இருக்கணும்னு சட்டமே இருக்கு, அந்தச் சட்டத்துக்கு நான் கையெடுத்துக் கும்பிடுதேன்.

தாத்தாவுக்கும் எனக்கும் நடுவுல ஒரு மாட்டு வண்டி நீளம் இருந்திருக்கும். அவுக ஏசல. "ஏ தம்பி, வண்டி வாற சத்தமே கேக்கலய்யா, பைய வா"ன்னு மட்டும் சொன்னாவ. இலைக்கட்டு ஒரு பக்கமா சரிஞ்சிட்டு, எறங்கிப் போயி தூக்கி வச்சு கயித்த இறுக்கிக் கட்டிக் குடுத்தேன், என் கை நடுங்குனத அவுக பாத்திருப்பாவ.

நாங்குநேரில ஒரு டீக்கடைல உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன். 96ல போனா ஒரு செகண்டுக்கு 26 மீட்டருக்கு மேல போவோம். நாம பாத்து கை பிரேக்குக்குப் போறதுக்குள்ளயே அது ஓடிப் போயிரும். பிரேக் அடிச்சு நிக்க தூரம் வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும், அப்போ 80க்கும் 96க்கும் நடுவுல 16தான்னு நெனைக்கோம், நிக்க தூரம் 44 சதவீதம் கூடிருது. இந்த மாதிரி வண்டியோட பெரிய நல்ல குணம் என்ன, களைப்பு தெரியாது, வேகம் தெரியாது. அதேதான் பயமும். பழைய வண்டி கத்திக் கத்தி நம்மள காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு, இது கத்தாது, நாமளாதான் மீட்டரப் பாக்கணும். அதுக்கப்புறம் ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லுக்கும் ஒரு தடவ மீட்டரப் பாக்கேன், பழகிட்டு.

டோல்கேட்ல நமக்கு ஓரத்துல தனி வழி, வள்ளியூர் வரைக்கும் சொல்ல ஒண்ணுமில்ல.

பணகுடில இருந்து காத்து. ஆடி மாசம் அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், மேக்க இருந்து வாற காத்து ஆரல்வாய்மொழி கணவாய்க்குள்ள நெருங்கி நுழையும்போது வேகம் கூடி இந்தப் பக்கம் பீச்சி அடிக்கும், அதனாலதான் அங்க கரண்டு எடுக்க அத்தன காத்தாடி நிக்கி. தெக்க பாத்துப் போற நமக்கு வலது பக்கமா அடிக்கும். ஃபேரிங் உள்ள வண்டில பக்கக் காத்து பிடிக்க எடம் ஜாஸ்தி, தள்ளுது. மொதல்ல பயந்து ஹேண்டில இறுக்கிப் பிடிச்சேன், அது தப்பு, கை ஆடுறது பூரா முன் சக்கரத்துக்குப் போவுது. கைய லேசாக்கி முழங்கால்ல டேங்க்க கவ்வி வண்டிய காத்துப் பக்கமா ஒரு துளி சாச்சி வச்சதும் அதுபாட்டுக்கு நேரா போச்சு. இதுல ஒரு ஆபத்து இருக்கு, யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்: நம்ம வலது பக்கம் பெரிய டிரெய்லர் தாண்டிப் போவும்போது காத்து பட்டுன்னு நின்னுரும், நாம சாச்சி வச்சிருக்க வண்டி டிரெய்லர் பக்கமே இழுக்கும், அது தாண்டுனதும் மறுபடி காத்து அறையும். காத்தாடி இறக்கை ஏத்துன நீள டிரெய்லர் எல்லாம் அந்த ரோட்டுல வரும். கண்ணாடில பெரிய வண்டி தெரிஞ்சா வேகத்தக் குறைச்சு இடது ஓரத்துக்குப் போயிருங்க.

காவல்கிணறுல திரும்புனதும் காத்து நேர் எதிர்க்க. இங்கனதான் விண்ட்ஸ்கிரீனுக்குக் குடுத்த காசு தெரிஞ்சுது, லேசா குனிஞ்சா தலைக்கு மேல போயிருது, நிமுந்தா ஹெல்மெட்டப் பிடிச்சு ஆட்டுது. முப்பந்தல் இசக்கியம்மன் கோயில்ல சக்கரத்துக்கு அடில எலுமிச்சம்பழம் வச்சு ஏத்திட்டு துன்னூறு பூசிட்டு, அம்மா கண்ணு தொறந்து வச்சிருக்கணும்னு கும்பிட்டு வந்தேன்.

திரும்பும்போது வள்ளியூர்ல இருந்து ஏர்வாடி, திருக்குறுங்குடி, களக்காடு, சேரன்மாதேவின்னு உள்ரோடு. மேக்க மல கூடவே வரும், ரெண்டு பக்கமும் வாழை. டிவிஎஸ்ங்கிற மூணு எழுத்துல மொத எழுத்து இந்தத் திருக்குறுங்குடிதான், சுந்தரம் அய்யங்கார் ஊரு. அந்தத் தெருவுல ரெண்டாவது கியர்ல பைய போவும்போது எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி நெறைவா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து எறங்குனா இடுப்பு வலி இல்ல, பழைய வண்டில இவ்வளவு போயிருந்தா அன்னைக்கி பூரா படுத்திருப்பேன்.

*

நான் வள்ளியூருங்க. எங்க வீட்டுக்காரரு போன வருசம் இதே மாதிரி வண்டி எடுத்தாவ, நான் பின்னால உக்காருற ஆளு, அதையும் எழுதலாம்னு தோணுச்சு. மொத தடவ குத்தாலம் போவும்போது சேலைல ஒருச்சாஞ்சு உக்காரப் பாத்தேன், பின் சீட்டு சின்னது, உயரம் வேற, முடியவே இல்ல, எறங்கி வீட்டுக்குள்ள போயி சுடிதார் மாத்திட்டு துப்பட்டாவ இறுக்கி முடிச்சுப் போட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உக்காந்தேன், அதுதான் சரி. அண்ணன் சொன்ன வேகம் தெரியாதுங்கிற விசயம் பின்னால இருக்கவளுக்கு நேர் எதிர்ப்பதம். ஸ்கிரீன் முன்னால இருக்கவங்களுக்குத்தான், எங்களுக்கு காத்து பூரா தல மேல. அதனால எனக்கு வேகம் மொதல்ல தெரிஞ்சிரும், இப்ப நான் அவுக தோள்ல ரெண்டு தட்டு தட்டுனா 80க்குக் கீழ வரணும்னு பேசி வச்சிருக்கோம், ஒரு வருசமா அப்படித்தான் போறோம். பிரேக் போட்டா நாங்க முன்னால சரிஞ்சு அவுக முதுகுல மோதுவோம், அதையும் ஓட்டுறவங்க நெனச்சுக்கிடணும்.

*

அக்கா, நீங்க சொன்னது ரொம்ப சரி, எனக்கு இது தோணவே இல்ல. வாற சனிக்கெழம மொத சர்வீஸ், அது முடிஞ்சதும் அய்யாவ பின்னால ஏத்திக்கிட்டு பாபநாசம் போறேன், ரெண்டு பேருன்னா பின் டயருக்குக் காத்து கூட்டணும்னு மேனுவல்ல இருக்கு, அதையும் பாத்துட்டேன். தோள்ல ரெண்டு தட்டு தட்டணும்னு இன்னைக்கே அய்யாகிட்ட சொல்லிட்டேன், "நீ சொல்லலன்னாலும் தட்டுவேம்ல"ன்னாவ.