புதுப்பிப்பு: முதல் மனநல ஆலோசனைக்குப் போய்வந்தேன்

முதல் சந்திப்பில் என்ன கேட்பார்கள், அழுதுவிட்டால் என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். போய்வந்துவிட்டேன்.

தூக்கம், பசி, குடும்பம், சாப்பிடும் மருந்துகள், முன்பு எடுத்த சிகிச்சை என்று பாதி நேரம் விசாரிப்பிலேயே போனது. கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள் கொண்ட மனச்சோர்வுப் படிவமும் உண்டு. அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்டுவதில்லையாம்.

எனக்குப் பிடித்தது, ரகசியக் காப்பின் எல்லையை ஆலோசகரே முதலில் சொன்னதுதான். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்ற நிலைகளில்தான் பேசியது வெளியே போகக்கூடும். ஒரு கேள்விக்கு “இன்று வேண்டாம்” என்றேன். வற்புறுத்தாமல் தாண்டிப் போனார். (சினிமாவில் வருவதுபோல் சோபாவில் படுக்கவெல்லாம் சொல்லவில்லை!)

அழுதேன்தான். அவர் அவசரப்படுத்தவில்லை. இவரிடமே தொடர்வதா என்பதை இன்னும் சில சந்திப்புகளுக்குப் பிறகு முடிவுசெய்வேன்.