குடும்ப மருத்துவர்களில் ஆராய்ச்சிக்காக விருது வாங்கியவர்கள் உண்டா?

கேள்வி: கடைசி ஆண்டு மாணவி

வணக்கம். மருத்துவப் படிப்பு முடியப்போகிறது. குடும்ப மருத்துவம் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆராய்ச்சியிலும் எனக்கு ஆர்வம் அதிகம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே, "சளி காய்ச்சல் பார்க்கும் இடத்தில் என்ன ஆராய்ச்சி? அதற்குப் பெரிய மருத்துவமனைக்குப் போ" என்கிறார்கள். கிளினிக்கில் உட்கார்ந்து தினமும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, உலகம் மதிக்கும்படி ஆராய்ச்சி செய்தவர்கள் இருக்கிறார்களா? வெறும் பெயர்ப் பட்டியல் வேண்டாம். என்ன கண்டுபிடித்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பொதுச் சுகாதாரம் படிப்பவன்

பெரிய மருத்துவமனைக்குப் போ என்கிறவர்களிடம் 1961இல் கெர் வைட் குழு வெளியிட்ட கணக்கைக் காட்டுங்கள். ஆயிரம் பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் சுமார் 750 பேருக்கு ஏதாவது உடம்புக்கு முடியாமல் போகிறது. அவர்களில் 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். மருத்துவமனையில் சேர்வது 9 பேர். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போய்ச் சேர்வது ஒரே ஒருவர். 2001இல் லாரி கிரீன் குழு இதே கணக்கை அமெரிக்காவில் மறுபடி போட்டது. அப்போதும் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனவர்கள் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவுதான். அந்த ஒருவரை மட்டும் ஆராய்ந்தால் மற்ற 999 பேரைப் பற்றி யார் சொல்வது?

பார்பரா ஸ்டார்ஃபீல்டையும் படியுங்கள். அவர் குழந்தை மருத்துவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேராசிரியராக இருந்தவர். முதல்நிலை மருத்துவம், அதாவது நோயாளி முதலில் போய்ப் பார்க்கும் மருத்துவம், வலுவாக உள்ள இடங்களில் மக்களின் உடல்நலம் மேம்பட்டிருக்கிறது என்பதை நாடு நாடாக ஒப்பிட்டுக் காட்டினார்.

பதில் 2: கிளினிக் டாக்டர்

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் குடும்ப மருத்துவர். மூன்று தலைமுறையும் என்னிடமே வருகிற வீடுகள் பல உண்டு. நீங்கள் கேட்டிருக்கும் ஆட்கள்தான் என்னை இந்த வேலையில் பிடித்து வைத்திருப்பவர்கள்.

எட்கர் ஹோப்-சிம்ப்சனிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்கிற சிறிய ஊரில் ஜி.பி.யாக, அதாவது பொது மருத்துவராக இருந்தவர். அக்கி ஏன் வருகிறது என்பது அப்போது தெளிவாகத் தெரியாது. சின்னம்மைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று சந்தேகித்தார்கள், அவ்வளவுதான். இவர் 1947 முதல் 1962 வரை, 16 ஆண்டுகள், தன்னிடம் வந்த ஒவ்வொரு அக்கி நோயாளியையும் குறித்து வைத்தார். மொத்தம் 192 பேர். இடையில் ஷெட்லாந்தைச் சேர்ந்த யெல் தீவுக்கும் போய் அங்குள்ளவர்களை விசாரித்தார். வெளியாட்கள் அதிகம் வராத இடம் என்பதால், யாரிடமிருந்து யாருக்கு நோய் போனது என்று தடம் பிடிக்க முடியும். கடைசியில் 1965இல் ஒரு கட்டுரையில் சொன்னார்: அக்கி வெளியிலிருந்து தொற்றுவது இல்லை, சிறு வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, எதிர்ப்பு சக்தி குறையும்போது திரும்ப எழுகிறது. மூலக்கூறு அளவில் அதை நிரூபிக்கும் வசதி 1980களில்தான் வந்தது, அவர் சொன்னது சரி என்று ஆனது. இன்று அக்கிக்குத் தடுப்பூசி போடுகிறோம் என்றால், அதன் பின்னால் இருக்கிற புரிதலில் இந்த மனிதருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். மருத்துவமனையில் இருக்கிற ஒரு நிபுணரால் இதைச் செய்திருக்கவே முடியாது. அக்கி வந்தவர்கள் அவரிடம் போக மாட்டார்கள். போனாலும் அது கடுமையான ஒரு சிலர்தான். இந்த ஊரில் மொத்தம் எத்தனை பேர், அதில் எந்த வயதில் எத்தனை பேருக்கு வந்தது, ஒருவருக்கே இரண்டாம் முறை வந்ததா என்பதெல்லாம் அந்த ஊரை விட்டுப் போகாமல் இருக்கிறவருக்குத்தான் தெரியும். எங்கள் தொழிலின் ஆய்வுக்கூடமே அதுதான்.

வில்லியம் பிக்கிள்ஸ் செய்ததும் இதே மாதிரி. யார்க்‌ஷயரில் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கு, அதில் சில கிராமங்கள், அங்கே இவர் மருத்துவர். 1929இல் அங்கே மஞ்சள் காமாலை பரவியது. எந்தத் திருவிழாவில் யார் யாரோடு இருந்தார்கள், எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த விஷயம். அதை வைத்து, தொற்றிய நாளிலிருந்து நோய் வெளிப்பட 26 முதல் 35 நாட்கள் ஆகிறது என்று கணக்கிட்டார். நகரத்துக் கூட்டத்தில் இந்தக் கணக்கு கைக்குக் கிடைக்காது. 1953இல் பிரிட்டனின் பொது மருத்துவர்கள் கல்லூரிக்கு அவர்தான் முதல் தலைவர். அவருக்கு முந்தைய தலைமுறையில் ஜேம்ஸ் மெக்கன்சி. பர்ன்லியில் ஜி.பி. நாடித்துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கி, துடிப்பு தவறுகிறவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, அவற்றில் பல ஆபத்தில்லாதவை என்று காட்டினார். 1915இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், அதே ஆண்டு சர் பட்டமும் வந்தது.

விருது என்று குறிப்பாகக் கேட்டதால் ஜூலியன் டியூடர் ஹார்ட்டைச் சொல்லியாக வேண்டும். என் மனதுக்கு மிக நெருக்கமானவர். தெற்கு வேல்ஸில் கிளின்கோர்க் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் வேலை பார்த்தார். தன் பொறுப்பில் இருந்த எல்லாப் பெரியவர்களுக்கும் ரத்த அழுத்தம் அளந்து வைக்க முனைந்தார், தலைவலி என்று வந்தவர்களுக்கு மட்டும் இல்லை. வராதவர்களைத் தேடிப் போனார். ஒரு சமூகம் முழுவதையும் இப்படிப் பார்க்க முடியும் என்று அவர் காட்டியது 1970இல். அடுத்த ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி'யை எழுதினார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது. சந்தையின் பிடி இறுக இறுக இது மோசமாகிறது என்பதுதான் அதன் சாரம். 2006இல் பிரிட்டனின் அதே கல்லூரி தன் முதல் 'டிஸ்கவரி' பரிசை இவருக்குத்தான் கொடுத்தது. அதை விடப் பொருத்தமான தேர்வு இருந்திருக்க முடியாது என்பது என் கருத்து.

பதில் 3: கிராமப் பணியாளர்

டாக்டரம்மா சொன்னதோடு நம் நாட்டு ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தில் ஜாம்கேடில் வேலை செய்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே இருவருக்கும் 1979இல் மகசேசே விருது கிடைத்தது. அதே மாநிலத்தில் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங். பச்சிளங்குழந்தைகள் வீட்டிலேயே இறந்துபோகிற கிராமங்கள் அவை. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீட்டுக்கு வீடு போய்க் குழந்தையைப் பார்க்கவும், கிருமித்தொற்று என்றால் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசி போடவும் வைத்தார்கள். 39 கிராமங்களில் செய்து, பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்திருந்தது. 1999இல் லான்செட்டில் வந்தது. 2018இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இன்று ஆஷா பணியாளர்கள் குழந்தை பிறந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது இந்த வேலையின் தொடர்ச்சிதான்.

கடைசி ஆண்டு மாணவி

எல்லோருக்கும் நன்றி. ஹோப்-சிம்ப்சன் பற்றி எங்கள் வகுப்பில் யாரும் சொன்னதே இல்லை, அக்கியைப் படித்தும்கூட! இன்னொரு சந்தேகம், டாக்டர். அதெல்லாம் அந்தக் காலம். இன்று தனியாக ஒரு கிளினிக்கில் இருந்துகொண்டு இப்படிச் செய்ய முடியுமா? மருந்தைச் சோதிக்கும் ஆய்வு என்றால் நூற்றுக்கணக்கில் ஆட்கள் வேண்டுமே?

பதில் 4: கிளினிக் டாக்டர்

தனியாக மருந்துச் சோதனை செய்ய முடியாது, உண்மைதான். ஆனால் கிளினிக்குகள் சேர்ந்தால் முடியும். முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கும் முகவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜி.பி. அதை எப்போதாவதுதான் பார்ப்பார். ஸ்காட்லாந்தில் ஃபிராங்க் சல்லிவன் குழு பல மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் இணைத்து, நோய் தொடங்கி 72 மணி நேரத்துக்குள் வந்தவர்களாக 551 பேரைச் சேர்த்தது. 2007இல் முடிவு வெளிவந்தது. பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்களில் ஒன்பது மாதத்தில் 94.4 விழுக்காட்டினர் முழுதாகக் குணமானார்கள், எடுக்காதவர்களில் 81.6 விழுக்காட்டினர். வைரஸுக்கு எதிரான அசைக்ளோவிர் மருந்து பயன் தரவில்லை. முகம் கோணிப் பயந்து ஓடி வருகிற ஒருவருக்கு இன்று நான் நம்பிக்கையோடு சீட்டு எழுதிக் கொடுக்கிறேன் என்றால் இந்த ஆய்வினால்தான்.

அப்புறம், நார்வேயில் 2022இல் வந்த ஒன்று. 45 லட்சம் பேரின் பதிவுகள். 15 ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்ப மருத்துவரிடம் இருந்தவர்களை, ஓர் ஆண்டு மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். திடீரென மருத்துவமனையில் சேர்வதும் இறப்பும் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காடு வரை குறைவு. நோயாளியும் மருத்துவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதை ஒரு மாத்திரையாகச் செய்ய முடிந்திருந்தால் எல்லோரும் அதை எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் தொடங்கும்போது சிறிய கேள்வியாக எடுங்கள். உங்களிடம் அடிக்கடி வருவதாக, புத்தகத்தில் பதில் இல்லாததாக இருக்கட்டும். ஒரு நோய்க்கு என்ன பெயர் எழுதுவது என்பதை முதல் நாளே முடிவு செய்து, கடைசி வரை மாற்றாமல் எழுதுங்கள். உங்கள் பொறுப்பில் மொத்தம் எத்தனை பேர், என்ன வயது என்ற கணக்கு கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் எத்தனை நோயாளியை எண்ணினாலும் விகிதம் சொல்ல முடியாது. நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்னாடியே வாங்குங்கள், நோயாளியிடம் எதற்காகக் குறிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ஒரு பல்கலைக்கழகத் துறையில் புள்ளியியல் தெரிந்த ஒருவரைத் தொடக்கத்திலேயே கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இப்போதே ஏதாவது கேள்வி மனதில் இருந்தால் இங்கே எழுதுங்கள். எதை எண்ணுவது, எதை விடுவது என்று சேர்ந்து பார்ப்போம்.