மறுமொழி: 'சிறுநீரக மஜ்ஜைக் கேடு' என்ற சொல் குறித்து

> நாட்பட்ட சிறுநீரக நோயுள்ள குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையில் வரும் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் 'சிறுநீரக மஜ்ஜைக் கேடு' என்ற ஒரே சொல் போதாதா?

போதாது அம்மா. இந்தக் குழந்தைகளிடம் அதிகம் காண்பது இரத்தசோகை. அதில் மஜ்ஜை பெரும்பாலும் கெட்டிருப்பதில்லை. சிறுநீரகம் சுரக்க வேண்டிய எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் குறைவதால், ஏவல் வராத மஜ்ஜை சிவப்பணுக்களைக் குறைத்து உண்டாக்குகிறது. கூடவே இரும்பைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, உடலில் உள்ள இரும்பையும் பூட்டி வைத்துவிடுகிறது. எரித்ரோபொயட்டின் ஊசியும் இரும்புச்சத்தும் கொடுத்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். பெற்றோருக்கான நம் கைப்பிரதியில் 'கேடு' என்று அச்சிட்டால், சேலம் அரசு மருத்துவமனையில் அதை வாங்கும் ஆத்தூர்த் தாய், புற்றுநோயா என்றுதான் முதலில் கேட்பார். 'மஜ்ஜைத் தூண்டல் குறைவு' என்போம்.

உண்மையிலேயே மஜ்ஜை கெடும் நிலை வேறு. பாஸ்பரஸ் ஏறி, செயல்படும் வைட்டமின் டி குறைந்து, கால்சியம் இறங்கும்போது கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி தன் ஹார்மோனை ஓயாமல் சுரக்கிறது. எலும்பு அரிபட்டு, மஜ்ஜை இருந்த இடத்தை நார்த்திசு பிடித்துக்கொள்கிறது. அப்போது எரித்ரோபொயட்டின் அளவை ஏற்றினாலும் பலன் குறைவு. இதை 'இழைமப் பெருக்கம்' என்று எழுதினால் யாருக்கு விளங்கும்? ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த நம் ஊரில் முற்றிய மரவள்ளிக்கிழங்கை நார் பாய்ந்தது என்போம். 'மஜ்ஜை நார்பாய்தல்' எனலாமே.

*ஏற்காட்டிலிருந்து:*

ஐயா, சொல் அழகுதான், பொருள் இடிக்கிறது. முற்றிய கிழங்கு மீண்டும் இளசாகாது. ஆனால் பாராதைராய்டு ஹார்மோனைக் கட்டுக்குள் கொண்டுவந்தாலோ, சுரப்பியை அறுவையில் நீக்கினாலோ இரத்தசோகை சீர்ப்படுவதுண்டு. திரும்பாத நிலை என்று பெற்றோர் எண்ணும்படி ஏன் பெயர் வைக்க வேண்டும்? 'மஜ்ஜை நாரேற்றம்' என் பரிந்துரை. ஏறியது இறங்கவும் கூடும்.

சிஸ்டின் உடலில் தேங்கும் பரம்பரை நோயான சிஸ்டினோசிஸிலும், ஆக்சலேட் அளவுக்கு மீறி உண்டாகும் பரம்பரை நோயான முதன்மை ஆக்சலேட் மிகையிலும் மஜ்ஜைக்குள் படிகங்கள் சேர்கின்றனவே, அதற்கு என்ன சொல்? 'மஜ்ஜை உப்புப் படிவு' என்றால் எளிதில் புரியும்.

*சேலத்திலிருந்து:*

'நாரேற்றம்' இருக்கட்டும். கிழங்கை விட்டுக்கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

'உப்புப் படிவு' மட்டும் வேண்டாம். ஆக்சலேட்டை வேதியியலில் உப்பு எனலாம்; சிஸ்டின் ஓர் அமினோ அமிலம். இருந்தும் என் அச்சம் வேதியியலைப் பற்றியதன்று. சிறுநீரக நோய் என்றாலே உப்பைக் குறைக்க வேண்டும் என்று வீட்டில் பாட்டி முதல் எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். சிஸ்டினோசிஸ் குழந்தைகளோ தொடக்க ஆண்டுகளில் சிறுநீரோடு சோடியத்தை இழப்பவர்கள். அவர்களுக்கு உப்பைக் கூடுதலாகவே தர வேண்டியிருக்கும். நம் சொல்லைப் பார்த்துவிட்டுச் சோற்றில் உப்பை நிறுத்தினால் குழந்தை துவண்டுவிடும்.

'மஜ்ஜைப் படிகச் சேர்க்கை' என வைத்து, முன்னால் சிஸ்டின், ஆக்சலேட் என்று நோய்க்கேற்ப ஒட்டிக்கொள்ளலாம். மறுப்பு இருந்தால் கைப்பிரதி அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.