அப்பாவின்ர யாஷிகா கமராவுக்கு என்ன பற்றரி போடலாம்?

வெள்ளவத்தைப் பொடியன்:
அலுமாரிக்குள்ள இருந்து அப்பாவின்ர யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜிஎஸ்என் கிடைச்சுது. 1973இல வந்த மொடல், எஃப் 1.7 லென்ஸ். ஓரத்தில சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம். பழைய 5.6 வோல்ட் பாதரச பற்றரி இப்ப எங்கையும் இல்லை. காலிமுகத் திடலில பட்டம் விடுற பிள்ளையள இதாலதான் எடுக்கோணும். அப்பா என்னை எடுத்ததும் அங்கதான்.

கொட்டாஞ்சேனை அண்ணை:
தம்பி, 4எல்ஆர்44 போடுங்கோ, 6 வோல்ட். நீளம் காணாது, ஒரு ஸ்பிரிங் வச்சா நிக்கும். நான் ரெண்டு ரோல் எடுத்துப் பாத்திட்டன், வெளிச்சம் சரியா விழுந்தது. அதைவிட முக்கியம்: ஃபிலிம் லீவரை இழுக்கேக்க உள்ள 'டக்' எண்டு கேக்குதோ? கேக்காட்டி உள்ளுக்க இருக்கிற சின்ன ரப்பர் கரைஞ்சு போச்சு. அதை மாத்தாமல் ஃபிலிம் போடாதேங்கோ, படம் பழுதாப் போகும்.

தெஹிவளை அக்கா:
பூஞ்சணம் எங்கட கடற்கரை ஈரத்தால வாறது. துப்புரவாக்கக் குடுத்திட்டு, காத்துப் புகாத டப்பாவில, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லோட வையுங்கோ. தோல் உறைக்குள்ள மட்டும் வேண்டாம், அது ஈரத்தை இழுத்து வச்சிருக்கும்.

வெள்ளவத்தைப் பொடியன்:
அண்ணை, 'டக்' கேக்குது! நாலு தரம் இழுத்துப் பாத்திட்டன்.